முப்பது நாள் கணக்கும் முப்பது வருடக் கணக்கும்

எமது பாடசாலையின் வயதும் இன்சுலின் மருந்தின் வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். 1921ஆம் ஆண்டில் கனடாவின் டொரன்டோ நகரில் பிரெடரிக் பான்டிங், சார்ல்ஸ் பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. அதற்கு முன்பு நீரிழிவு உள்ள பெண் கருவுறுவதே அரிது. கருவுற்றால் தாயும் பிள்ளையும் தப்புவது அதனிலும் அரிது. அதே பத்தாண்டில்தான் சப்ரகமுவவின் தேயிலை, இறப்பர் மலைகளுக்கு நடுவே எமது பள்ளிக்கூடம் பெண்பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தது.

கட்டடங்கள் எழுந்த வரலாற்றையும் அதிபர்களின் பணியையும் இம்மலரின் மற்றைய கட்டுரைகள் கூறும். நாம் இங்கு கூற முனைவது இப்பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பிய தாய்மாரின் உடல்நல வரலாற்றில் ஒரு பகுதியை. எமது ஒன்றுகூடல்களில் தேநீர் வரும்போது, "எனக்குச் சீனி போடாதீர்கள்" என்று சொல்லும் குரல்கள் வருடத்துக்கு வருடம் கூடி வருகின்றன. மெல்ல விசாரித்தால் அவர்களுள் பலர் ஒரே கதையைச் சொல்வார்கள்: "பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ஒருமுறை சீனி காட்டியது. பிள்ளை பிறந்ததும் போய்விட்டது. இப்போது திரும்ப வந்திருக்கிறது." போய்விட்டது என்று நாம் எல்லோரும் நம்பிய அந்தச் சீனி வருத்தம் உண்மையில் போனதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சட்டம் எண்ணிய நாட்கள்

தோட்டத்துத் தாய்மாரின் நலன் எப்போதும் நாட்களால் எண்ணப்பட்டே வந்திருக்கிறது. கோப்பிக் காலத்தில், 1872இல், தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென முதலாவது கட்டளைச் சட்டம் வந்தது. கோப்பி அழிந்து தேயிலையும், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் அதனோடு இறப்பரும் வேரூன்றிய பின்னர், 1912இல் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் புதிதாக இயற்றப்பட்டது. பிள்ளை பெற்ற தொழிலாளிப் பெண்ணுக்கு 30 நாட்களுக்கு உணவும் உறைவிடமும் கிடைப்பதைத் தோட்டத் துரை உறுதிசெய்ய வேண்டும், அந்நாட்களில் அவளை வேலைக்கு அழைக்கக் கூடாது என்று அது விதித்தது. எமது லயங்களில் முப்பதாம் நாள் தீட்டுக் கழிக்கும் வழக்கமும் இருந்தபடியால், சட்டத்தின் கணக்கும் வீட்டின் கணக்கும் ஒன்றாகவே அமைந்தன. முப்பது கழிந்தால் தாய் தேறிவிட்டாள். மறுநாள் பெரட்டுக்களத்துக்குப் போகலாம்.

1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் கொடுப்பனவோடு ஓய்வு பெறும் உரிமையை அது தந்தது. பிற்காலத் திருத்தங்களால் இந்த ஓய்வு 84 நாட்களாக வளர்ந்தது. ஆயினும் மூன்றாவது பிள்ளை முதல் அது பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தமே எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாட்கள் என்று சமப்படுத்தியது. பால் கொடுக்கும் தாய்க்கு வேலை நாளில் இரண்டு தடவை இடைவேளை, தோட்டத்தில் பிள்ளைமடுவம் ஆகியனவும் இவ்வழியே வந்த நன்மைகள்தாம். இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஒவ்வொரு நாளும் யாரோ போராடிப் பெற்ற நாள். ஆனால் இக்கணக்குகள் யாவற்றிலும் ஒரே கேள்விதான் அடியில் கிடந்தது: இவள் எப்போது வேலைக்குத் திரும்புவாள்? இவளுடைய உடம்பு பத்து, இருபது, முப்பது வருடங்களின் பின் எப்படியிருக்கும் என்ற கேள்வியைச் சட்டம் கேட்கவில்லை.

பசியும் இடப்பெயர்வும்

அக்கேள்வியைக் கேட்க முடியாதபடி காலமும் கடினமாகவே இருந்தது. 1934, 35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளை நோயில் நாட்டிலேயே மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது கேகாலை மாவட்டம். அன்றைய கவலை உயிர் தப்புவது மட்டுமே. 1973, 74ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் சீனியும் தட்டுப்பட்ட பஞ்சம் தோட்டங்களையே கடுமையாகத் தாக்கியது. அந்நாட்களில் கர்ப்பிணிகளாயிருந்த எமது தாய்மார் மரவள்ளிக்கிழங்கையும் கீரையையும் தின்று எம்மைச் சுமந்தார்கள். அவ்வருடங்களில் பிறந்த பெண்பிள்ளைகள் 1990ஐ ஒட்டிச் சாதாரண தரப் பரீட்சை எழுதினார்கள். 2000ஆம் ஆண்டளவில் தாங்களே தாய்மாரானார்கள்.

கருவிலிருக்கும்போது தாய் பட்ட பசி, பிள்ளையின் பிற்கால நீரிழிவோடு தொடர்புடையது என்பது இப்போது உலகறிந்த செய்தி. 1944, 45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஜெர்மனியப் படை உணவை மறித்தபோது கருவிலிருந்த பிள்ளைகளை, அவர்கள் 50 வயதை எட்டியபோது பரிசோதித்தார்கள். ஏனையோரைவிட அவர்களுடைய இரத்தத்தில் சீனியின் அளவு கூடுதலாக இருந்தது. இந்தியாவின் பூனே நகரைச் சுற்றிய கிராமங்களில் வைத்தியர் யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை நிறுத்துப் பார்த்தார்கள். சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளோ 3.5 கிலோ. தசையில் பெரிதும் குறைந்திருந்த அந்தச் சின்னக் குழந்தைகளின் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறைந்திருக்கவில்லை. பார்வைக்கு மெலிவு, உள்ளே கொழுப்பு. இப்படி எடை குறைந்து பிறக்கும் பெண், தான் கர்ப்பிணியாகும்போது சீனி வருத்தத்துக்கு ஆளாகும் வாய்ப்பும் கூடுதல். தோட்டப்புறத்தில் எடை குறைந்த பிறப்புகள் நாட்டின் மற்றைய பகுதிகளைவிட நெடுங்காலமாகவே அதிகம். 2016ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பிலும் தோட்டங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். நாடளாவிய அளவு சுமார் 17 வீதம்.

பசியோடு இடப்பெயர்வும் சேர்ந்துகொண்டது. 1948இல் குடியுரிமை போயிற்று. 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பல குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறின. 1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்செயல்கள் சப்ரகமுவத் தோட்டங்களை உலுப்பியபோது பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்ச் சேர்ந்தனர். எமது பழைய மாணவியர் நீலகிரியிலும் சென்னையிலும் இலண்டனிலும் டொரன்டோவிலும் இருப்பதன் பின்னணி இதுதான். ஓடும்போது பிறப்புச் சான்றிதழைக் கையிலெடுத்தவர்கள் உண்டு. கிளினிக் அட்டையை எடுத்தவர்கள் எத்தனை பேர்? பாட்டிக்கு என்ன வருத்தம் இருந்தது, அம்மாவுக்குப் பிரசவத்தில் என்ன நேர்ந்தது என்பன எமது குடும்பங்களில் வாய்மொழியாக மட்டுமே எஞ்சியுள்ளன.

நீலக் கரைசலிலிருந்து இரத்தப் பரிசோதனைக்கு

விஞ்ஞான பாடத்தில் பெனடிக்ற் கரைசலை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நீல நிறம் சூடாக்கும்போது பச்சையாகி, மஞ்சளாகி, செங்கட்டி நிறமாகிவிட்டால் குளுக்கோசு உண்டு. இதே கரைசலைத்தான் பல்லாண்டுகளாக மிட்வைஃப் அம்மாமார் கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதிக்கப் பயன்படுத்தினார்கள். எங்களுள் மிட்வைஃபாகச் சேவை செய்தவர்கள் சாராய விளக்கும் சோதனைக் குழாயும் பையில் வைத்துக்கொண்டு லயம் லயமாக ஏறி இறங்கியவர்கள்.

ஆனால் அச்சோதனைக்கு ஓர் எல்லை இருந்தது. இரத்தத்தில் சீனி சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் பொதுவாக அது சிறுநீரில் இறங்கும். கர்ப்ப காலத்திலோ வருத்தம் இல்லாத பெண்ணுக்கும் சில வேளைகளில் சிறுநீரில் சீனி காட்டும். ஆகவே வருத்தம் உள்ளவள் தவறவிடப்பட்டாள், இல்லாதவள் பயமுறுத்தப்பட்டாள். இரத்தத்தையே சோதிக்க வேண்டும் என்ற நிலை படிப்படியாக வந்தது. இன்று கர்ப்பம் பதிந்தவுடனும், பின்னர் 24 முதல் 28 வாரங்களுக்குள் 75 கிராம் குளுக்கோசு குடிக்கக் கொடுத்தும் இரத்தம் பார்க்கும் முறை எமது கிளினிக்குகளில் நன்கு அறிமுகமானது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் ஏற்றுக்கொண்ட அளவுகளின்படி, வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 மில்லிகிராம் ஆகியவற்றில் எதையேனும் எட்டினால் கர்ப்பகால நீரிழிவு.

வருத்தம் எப்படி வருகிறது என்பதை ஒரு வரியில் சொல்லலாம். கருவின் நச்சுக்கொடி சுரக்கும் ஹோர்மோன்கள் தாயின் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்கின்றன. எனவே கணையம் வழமையைவிட அதிகம் சுரக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வலுவுள்ள கணையம் சமாளிக்கும், இல்லாதது தோற்கும். கொழுந்துக் கூடையோடு ஏற்றம் ஏறும்போதுதான் முழங்காலின் பலவீனம் தெரியவரும். கூடையை இறக்கியதும் வலி நின்றால், முழங்கால் சுகமாகிவிட்டது என்று பொருளல்ல. பிரசவத்துக்குப் பின் சீனி இறங்குவதும் அப்படித்தான்.

பரிசோதனை யாருக்காகப் பிறந்தது?

1824இல் பெர்லின் நகரில் பெனவிட்ஸ் என்ற வைத்திய மாணவர் கர்ப்பத்தோடு தோன்றிய நீரிழிவைப் பற்றி எழுதினார். அந்தத் தாயின் குழந்தை 12 இறாத்தல் எடையோடு இறந்து பிறந்தது. அது ஏன் அவ்வளவு பெருத்தது என்பதற்கு 1950களில் கோப்பன்ஹேகன் நகரின் வைத்தியர் பெடர்சன் விளக்கம் தந்தார். தாயின் மேலதிகச் சீனி கருவுக்குக் கடக்கிறது, இன்சுலின் கடப்பதில்லை. கருவின் கணையம் தானே அதிகமாகச் சுரந்து அந்தச் சீனியைக் கொழுப்பாகச் சேமிக்கிறது. நாலு கிலோப் பிள்ளை என்று லயமே கூடிப் பெருமைப்பட்ட சில பிரசவங்களின் பின்னால் இருந்த காரணம் இதுவாக இருந்திருக்கலாம்.

இவ்வரலாற்றில் பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. 1964இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஓசலிவன் என்ற வைத்தியரும் மாஹன் என்ற புள்ளிவிபரவியலாளரும் 752 கர்ப்பிணிகளுக்குக் குளுக்கோசு கொடுத்துச் சோதித்து, கர்ப்பகால நீரிழிவுக்கான எல்லைகளை முதன்முதலாக வகுத்தார்கள். அந்த எல்லைகளை அவர்கள் குழந்தையின் எடையை வைத்து வகுக்கவில்லை. எந்தத் தாய்மாருக்குப் பின்னாளில் நிரந்தர நீரிழிவு வந்தது என்று வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தே வகுத்தார்கள். அதாவது இப்பரிசோதனை பிறந்ததே தாயின் நாளைய நாளை அறிவதற்காக. காலப்போக்கில் குழந்தை பத்திரமாகப் பிறந்தால் போதும் என்பதாக அதன் நோக்கம் சுருங்கிவிட்டது. முப்பது நாளில் தாய் தேறிவிட்டாள் என்று எழுதிய பழைய சட்டத்தின் மனப்பான்மை புதிய கிளினிக்கிலும் தொடர்வது போலவே எமக்குத் தோன்றுகிறது.

சிகிச்சை பயனளிக்கிறதா என்பதில் இன்று ஐயமில்லை. அவுஸ்திரேலியாவில் 1000 பெண்களோடு நடந்து 2005இல் வெளியான ஆய்வில், உணவு ஆலோசனையும் சீனிக் கண்காணிப்பும் தேவைப்பட்டால் இன்சுலினும் பெற்றவர்களின் குழந்தைகளுக்குப் பிறப்பின்போது நேர்ந்த பாரதூரமான கேடுகள் 4 வீதத்திலிருந்து 1 வீதமாகக் குறைந்தன. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வும் பெருத்த குழந்தைகளும் தாயின் இரத்த அழுத்தச் சிக்கல்களும் குறைந்ததைக் காட்டியது. எனவே கிளினிக்கில் சொல்லும் சிகிச்சையை எவரும் தட்டிக்கழிக்கக் கூடாது. கேள்வி அதற்குப் பிறகு என்ன என்பதுதான்.

பிள்ளைகளைப் பின்தொடர்ந்தபோது

நீரிழிவுள்ள தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் வளர்ந்தபோது என்ன ஆனார்கள் என்பதை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் பீமா பழங்குடி மக்கள். அவர்களின் பிள்ளைகளிடம் உடற்பருமன் கூடுதலாயிருப்பதை 1983இல் வெளியான ஆய்வு கூறியது. இது பரம்பரையால் வந்ததா, கருவறையால் வந்ததா? 2000ஆம் ஆண்டில் ஒரே தாயின் பிள்ளைகளையே ஒப்பிட்டார்கள். தாய்க்கு நீரிழிவு வருமுன் பிறந்த பிள்ளையைவிட வந்த பின் பிறந்த பிள்ளைக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. கருவறையிலேயே ஏதோ எழுதப்படுகிறது என்பது உறுதியாயிற்று.

எமக்கு அண்மையில், மைசூரின் ஹோல்ட்ஸ்வொர்த் ஞாபகார்த்த வைத்தியசாலையில் 1997, 98ஆம் ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கர்ப்பகால நீரிழிவு இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம், குறிப்பாகப் பெண்பிள்ளைகளிடம், 5 வயதிலும் ஒன்பதரை வயதிலும் உடற்கொழுப்பும் இன்சுலின் அளவும் கூடுதலாக இருந்தன. எமது நாட்டின் மேல் மாகாணத்தில் 10, 11 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தபோதும், அதாவது புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் வயதில், எடையும் இடுப்புச் சுற்றளவும் மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாகக் காணப்பட்டன.

அப்படியானால் தாய்க்குச் சிகிச்சை கொடுத்தால் இது நின்றுவிடுமா? மேலே சொன்ன அவுஸ்திரேலிய ஆய்வின் பிள்ளைகளை 4, 5 வயதில் அளந்தபோது, சிகிச்சை பெற்ற தாயின் பிள்ளைக்கும் பெறாத தாயின் பிள்ளைக்கும் எடையில் வேறுபாடு தெரியவில்லை. அமெரிக்க ஆய்வின் பிள்ளைகளை 5 முதல் 10 வயதுக்குள் பார்த்தபோதும் பருமனில் வேறுபாடில்லை. சிகிச்சை பெற்ற தாய்மாரின் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் வெறும் வயிற்றுச் சீனி சற்றுக் குறைந்திருந்தது. ஆக, சிகிச்சை பிரசவத்தைக் காக்கிறது. ஆனால் பிள்ளையின் முழு வருங்காலத்தையும் அது மட்டும் காத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. மிச்சத்தை வீடும் பாடசாலையும் செய்தாக வேண்டும்.

தாய்மாரைப் பின்தொடர்ந்தபோது

தாயைப் பற்றிய செய்தி இன்னும் தெளிவானது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்த 2009ஆம் ஆண்டுக் கணக்கு, கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்கு என்றது. 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு அதை ஏறக்குறைய பத்து மடங்காக்கியது. மைசூர்த் தாய்மாரில் ஐந்து வருடங்களுக்குள்ளேயே மூவரில் ஒருவருக்கு மேல் நீரிழிவுக்கு ஆளாயினர். எமது மேல் மாகாண ஆய்விலோ பத்து வருடங்களுக்குள் பாதிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு வந்துவிட்டது.

2018இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று இன்னொன்றையும் சொன்னது. பிரசவத்தின் பின் 10 முதல் 14 வருடங்கள் கழித்து 4,697 தாய்மாரைப் பரிசோதித்தபோது, கர்ப்பத்தில் சீனி சிறிதளவே கூடியிருந்து, அக்கால அளவுகோலின்படி வருத்தம் என்று பெயர் வைக்கப்படாமலும் சிகிச்சை பெறாமலும் போனவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சீனி வழமைக்கு மாறாக இருந்தது. மற்றவர்களில் இது ஐவரில் ஒருவருக்கே. "கொஞ்சம்தான் கூட, பயப்பட ஒன்றுமில்லை" என்று கேட்டு வந்தவர்களும் இக்கணக்கில் அடங்குவர்.

பத்து வருட இடைவெளி

பிரசவத்தின் பின் ஆறு வாரமளவில் மீண்டும் குளுக்கோசு குடித்து இரத்தம் பார்க்க வேண்டும் என்பது பல நாட்டு வழிகாட்டல்களில் உண்டு. தோட்டத்துப் பெண்ணுக்கு அது ஏன் தவறிப்போகிறது என்பதை வெளியூர்த் தோழியருக்கு விளக்க வேண்டும். வெறும் வயிற்றோடு பஸ் ஏறி இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ பலாங்கொடைக்கோ கரவனெல்லைக்கோ போக வேண்டும். அங்கே இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். கைக்குழந்தையை யாரிடம் விடுவது? 84 நாள் முடிந்து வேலைக்குப் போன பிறகென்றால் ஒரு நாள் பேர் போய்விடும். உணவு ஆலோசனையும் அப்படித்தான். சிறுகச் சிறுக ஆறு வேளை சாப்பிடுங்கள் என்று சொல்வது எளிது. விடியுமுன் பால் வெட்டப் போகிறவளுக்கும் மலையில் கொழுந்தெடுக்கிறவளுக்கும் காலையில் கோதுமை மா ரொட்டி, நடுவில் சீனி போட்ட தேத்தண்ணி என்பதே நடைமுறை.

அரசாங்கத்தின் 'சுவநாரி' மகளிர் நலக் கிளினிக் 1996இல் தொடங்கிய அருமையான சேவை. இரத்த அழுத்தம், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றை அங்கே பார்க்கிறார்கள். ஆனால் அது பிரதானமாக 35 வயதை எட்டிய பெண்களுக்கானது. 24, 25 வயதில் பிள்ளை பெற்று, அப்போது சீனி காட்டிய பெண் 35 வயது வரை எங்கே போவாள்? நடுவே விழும் அந்தப் பத்து வருடங்களுக்குள்தான் பாதிப்பேருக்கு வருத்தம் வந்து சேர்கிறது. பிள்ளையின் சுகாதாரப் புத்தகம் தடுப்பூசிக்கும் பாடசாலை அனுமதிக்கும் திரும்பத் திரும்பத் திறக்கப்படுகிறது. தாயின் கர்ப்ப அட்டையோ பெட்டியின் அடியில் போய்விடுகிறது.

இந்த இடைவெளியை நிரப்புவது இலகுவல்ல என்பதையும் அறிவோம். இந்தியா, வங்காளதேசம், இலங்கை ஆகிய நாடுகளின் 19 நகர வைத்தியசாலைகளில் நடந்து 2022இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், பிரசவமாகி ஆறு மாதமளவில் 1,823 தாய்மாரைப் பரிசோதித்தபோதே 160 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டிருந்தது. எஞ்சியோரில் 1,601 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு உணவு, உடற்பயிற்சி ஆலோசனைகள் வழங்கினார்கள். சுமார் 14 மாதங்களின் பின் இரு பகுதியினருக்குமிடையே பெரிய வேறுபாடில்லை. கைக்குழந்தையோடிருக்கும் தாய்க்கு ஆலோசனை மட்டும் போதாது என்பதே இதில் நாம் காணும் பாடம். மறுபுறம், அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் முன்பு கர்ப்பகால நீரிழிவு இருந்து, பிற்காலத்தில் சீனி எல்லையை நெருங்கிய பெண்களுக்கு, தீவிரமான வாழ்க்கைமுறை மாற்றமோ மெட்போர்மின் மாத்திரையோ நீரிழிவு வரும் வாய்ப்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. ஆகவே காலந்தவறாமல் கண்டுபிடித்தால் செய்ய வழியுண்டு.

தாய்ப்பாலும் ஒரு காவல். கலிபோர்னியாவில் கர்ப்பகால நீரிழிவு வந்த சுமார் ஆயிரம் தாய்மாரைப் பின்தொடர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட காலம் பால் கொடுத்தவர்களுக்கு இரண்டு வருடங்களுக்குள் நீரிழிவு வந்தது, சிறிது காலமே கொடுத்தவர்களைவிட ஏறக்குறையப் பாதிதான். பிள்ளைமடுவத்துக்கு ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு மலைக்குத் திரும்பிய எமது தாய்மார் பிள்ளையை மட்டுமல்ல, தம்மையும் காத்துக்கொண்டார்கள். அந்த இடைவேளை உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டாமென்று இளைய தாய்மாரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டாவது நூற்றாண்டுக்கு ஒரு வேலை

உலகெங்கும் உள்ள எமது சகோதரிகளிடம் முதலில் சில சிறு விடயங்கள். உங்களுக்குக் கர்ப்பத்தில் ஒருமுறையேனும் சீனி காட்டியிருந்தால், அதற்கு எத்தனை வருடங்கள் கடந்திருந்தாலும், அதை இன்று உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள். வருடத்துக்கொருமுறை இரத்தம் பாருங்கள். பிரித்தானியாவில் இருப்போருக்கு அங்குள்ள வழிகாட்டலே வருடாந்தப் பரிசோதனையைப் பரிந்துரைக்கிறது, கேட்டுப் பெறுங்கள். அடுத்த பிள்ளைக்கு எண்ணுமுன் ஒருமுறை பாருங்கள். மகள்மாருக்கும் மருமகள்மாருக்கும் இச்செய்தியை மறைக்காமல் சொல்லுங்கள். மகன்மாரும் கேட்கட்டும், சீனி வருத்தம் ஆண், பெண் பார்ப்பதில்லை.

எமது இரண்டாவது விண்ணப்பம் சங்கத்துக்கு. பத்து வருட இடைவெளியின் நடுவே தோட்டத்துத் தாய் ஒருத்தி கட்டாயமாக வந்து நிற்கும் ஓரிடம் உண்டு. அது வைத்தியசாலையல்ல, பாடசாலை. பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது சுகாதாரப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முதலாம் ஆண்டு அனுமதிக்கு அவள் வருகிறாள். முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் ஆண்டு மாணவருக்குச் சுகாதாரத் திணைக்களத்தின் பாடசாலை வைத்தியப் பரிசோதனையும் நடக்கிறது. பிள்ளையின் உயரத்தையும் எடையையும் பார்க்கும் நாளில், பக்கத்தில் நிற்கும் தாயின் விரல் நுனியிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்ப்பதற்கு அதிகம் செலவாகாது. "இந்தப் பிள்ளையோ மூத்த பிள்ளையோ வயிற்றில் இருக்கும்போது சீனி காட்டியதா?" என்று கேட்பதற்கு ஒரு செலவும் இல்லை. சுகாதார வைத்திய அதிகாரியின் அனுமதியோடும் மிட்வைஃப் அம்மாவின் துணையோடும் இதைச் செய்யலாம். சோதனைப் பட்டிகளுக்கான செலவையும், சீனி கூடியிருக்கும் தாய் வைத்தியசாலைக்குப் போய்வரும் பஸ் செலவையும் இழந்த ஒரு நாள் பேரையும் வெளிநாட்டுக் கிளைகள் ஏற்றுக்கொள்ளலாம். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் இனிப்புப் பானத்துக்குப் பதிலாக அவித்த கடலையும் பழமும் விற்பதற்கு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

நூறு வருடங்களுக்கு முன் இம்மலைகளில் பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். எழுத்தறிந்த பெண் தன் சம்பளத் துண்டைத் தானே வாசித்தாள். பெயரையும் பிறந்த திகதியையும் சரியாகப் பதிவித்தாள். இனி அவள் வாசிக்க வேண்டிய இன்னொரு தாள் இருக்கிறது. அது அவளுடைய கர்ப்ப அட்டை. அதில் எழுதப்பட்ட ஒரு சிறு இலக்கம் முப்பது நாளில் முடிந்துபோகும் கணக்கல்ல. பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்து, பிள்ளையின் புத்தகத்தோடு சேர்த்து வைக்கும்படி ஒவ்வொரு தாயையும் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த ஜனவரியில் முதலாம் ஆண்டு அனுமதி நாளிலிருந்தே இவ்வேலையைத் தொடங்கச் சங்கம் முன்வர வேண்டுமென்பது எமது விருப்பம்.